தமிழ் விடைகளைக் கணினி திருத்தும்போது

கோடிட்ட இடத்தில் ஒரு குழந்தை 'கொக்கு' என்று சரியாகத்தான் அடிக்கிறது, திரை 'தவறு' என்கிறது. நாங்கள் எழுதிய தேர்வுத் தளத்தில் இது நடந்தது. விடைக்குறிப்பையும் குழந்தை அடித்ததையும் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'கொ'வை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம்; ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 3 என்று வரும், இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில்.

நிரலில் கை வைக்கும் முன் சோதனையை எழுதுங்கள். இரண்டு 'கொக்கு'வும் சமம் என்று ஒரு வரி, அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் சீராக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றே ஒன்று: பிரிந்து கிடக்கும் குறியீடுகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுவது, முன்பின் இடைவெளியை நீக்குவது, ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளை எடுப்பது. விடைக்குறிப்பு, மாணவர் விடை இரண்டும் இதன் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் சர்வரில் மட்டும். செயலியில் ஒரு பிரதி, இணையதளத்தில் ஒரு பிரதி என்று வைத்தால் ஒரே விடைக்கு இரண்டு விதமான மதிப்பெண் வரும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஔவை'யை ஒ, ள என்று தனித்தனியாக அடித்து 'ஒளவை' ஆக்குபவர்கள் நிறைய பேர், அதை அது சேர்க்காது. ஏற்பதா வேண்டாமா என்பதைத் தமிழாசிரியரிடம் கேளுங்கள், அது நிரலர் எடுக்கும் முடிவு அல்ல. ஓரெழுத்து மாறினால் பரவாயில்லை என்ற தளர்வான ஒப்பீட்டை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், 'மரம்' கேட்ட இடத்தில் 'மறம்' சரியாகிவிடும்.

மாணவர் அடித்ததை அடித்தபடியே சேமியுங்கள், சீராக்கியதை அதன்மேல் எழுத வேண்டாம். எந்தப் பதிப்பு விடைக்குறிப்பு, எந்தப் பதிப்பு சீராக்கும் விதி என்பதும் மதிப்பெண்ணோடு இருக்கட்டும். பிழை சரியானதும் பழைய விடைகளை மறுபடி திருத்தலாம். முதலில் ஒரு நகலில் ஓட்டி, யார் யாருக்கு மதிப்பெண் மாறுகிறது என்ற பட்டியலை ஆசிரியர் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

சோதனைகளை நிரலுக்குள் புதைக்காமல் மூன்று நெடுவரிசை உள்ள ஒரு விரிதாளில் வையுங்கள்: விடைக்குறிப்பு, மாணவர் அடித்தது, சரியா தவறா. புகார் வந்தால் ஆசிரியரே ஒரு வரி சேர்ப்பார், நீங்கள் அதை ஓட்டினால் போதும்.