மார்கழியிலும் வேர்த்தது

சின்னவளையும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் காரைக்குடி திரும்பியபோது எனக்கு 47. இத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். தொட்டதற்கெல்லாம் அழுகை, பிள்ளை ஏக்கம் என்றே நினைத்தேன். ஆனால் மார்கழிப் பனியிலும் நடுராத்திரியில் நைட்டி நனைந்தது. தீட்டு இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது.

டாக்டரம்மா தைராய்டு, ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார். ஹீமோகுளோபின் வெறும் 8.4! தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராவிட்டால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்காம்; இது அதற்கு முந்தைய தடுமாற்றம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சாயங்காலக் காபியை விட்டேன் (அதுதான் பெரிய துக்கம்). ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்ததும் தூக்கம் வந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி, கொட்டான் என்ற சின்ன ஓலைக்கூடை முடைய ஓலையோடு வந்தார். “அழுகணும்னா அழு ஆத்தா, கையை மட்டும் சும்மா வைக்காதே.” நான் முடைந்த முதல் கொட்டான் கோணல். அதில் இப்போது வெங்காயம் கிடக்கிறது.