மூன்று தலைமுறை நாயனமும் ஒரு போரும்: இசைக் குடும்பப் படத்துக்குத் திரைக்கதை கட்டும் முறை

சிங்கப்பூரில் இரண்டு மூன்று தமிழ் இசைக் குடும்பங்கள், எண்பது ஆண்டுக் காலம், நடுவே ஒரு போர். இந்த அளவில் படம் யோசிப்பவர்கள் பெரும்பாலும் வம்சவரிசையை வரைந்துகொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். பெயர்கள் பெருகும், கிளைகள் பெருகும், கதை நகராது. முதலில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். தாத்தா வாசித்ததைப் பேத்தியும் வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை வரும்போதே பார்வையாளருக்கு ‘இது அதுதானே’ என்று பட வேண்டும். ஆண்டுகளைத் தாண்டுவதற்கு அதுதான் பாலம்.

இந்த வகைக்குப் பாடமாகப் பார்க்க வேண்டியது க்ளோட் லெலூஷ் 1981இல் எடுத்த ‘Les Uns et les Autres’ என்ற மூன்று மணி நேர பிரெஞ்சுப் படம். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா என நான்கு நாட்டு இசை, நடனக் குடும்பங்கள் முப்பதுகளில் தொடங்கி, போரில் சிதறி, கடைசியில் பாரிஸில் ஒரே மேடையைச் சுற்றி வந்து சேர்கின்றன. முடிவில் ஆடப்படுவது மோரிஸ் ராவெல் 1928இல் எழுதிய பொலேரோ. அந்த இசையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். பக்க முரசில் ஒரே தாளக்கட்டு, மாறி மாறி வரும் இரண்டே மெட்டு, ஏறத்தாழ கால் மணி நேரம். மெட்டு அப்படியே இருக்க, வாத்தியங்கள் கைமாறிக்கொண்டே போகும், ஒலி ஏறிக்கொண்டே போகும். படத்தின் கதையும் அதே கணக்கில்தான் நடக்கிறது.

நமக்கு இதற்கு ஈடாக மல்லாரி இருக்கிறது. சாமி புறப்பாட்டுக்கு நாயனத்திலும் தவிலிலும் வாசிப்பது, பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில். சாகித்தியம் கிடையாது, அதனால் எந்தக் காட்சியிலும் வார்த்தை குறுக்கே நிற்காது. ஒரே உருவைக் காலம், அதாவது வேகம், மாற்றி மாற்றி வாசிப்பது அதன் இயல்பு. முதல் தலைமுறைக்குக் கீழ்க்காலம், போருக்குப் பாதியில் அறுந்த மத்திமகாலம், கடைசித் தலைமுறைக்கு மேல்காலம் என்று பிரித்துவிட்டால் இசையமைப்பாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பரம்பரை உருப்படி என்பதால் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் யாரோ வாசித்துப் பதிவு செய்த ஒலித்தட்டை எடுத்துப் போட்டால் அந்தப் பதிவுக்கு உரிமை கேட்க வேண்டியிருக்கும். புதிதாக வாசிக்க வைத்துப் பதிவு செய்வதே நிம்மதி.

வயதுக் கணக்கு

குடும்பம் இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. நாயனக் குடும்பம் ஒன்று, தவில் குடும்பம் ஒன்று. மூன்றாவது வேண்டுமென்றால் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா மேடையில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் வீடு. நான்காவது குடும்பத்தைச் சேர்த்தால் பார்வையாளர் முகங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

பிறந்த ஆண்டுகளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரலாற்று ஆண்டுக்கு எதிரிலும் ஒவ்வொருவரின் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு: தாத்தா 1912இல் பிறந்து, 1934இல் 22 வயதில் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வருகிறார். மகன் 1938. பேத்தி 1966. இப்போது பாருங்கள். சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 அன்று மகனுக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்காது, அவனுக்கு நினைவு இருக்கும், விவரம் இருக்காது. பிரிட்டிஷ் படை வெளியேறிய 1971இல் அவனுக்கு 33. கடற்படைத் தளத்தில் வேலை போய்ப் பலர் ஊர் திரும்பிய காலம் அது. குடும்பம் இரண்டாகப் பிரிய இதைவிட இயல்பான காரணம் தேட வேண்டாம்.

அடுத்து 1973. தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை வந்தது அந்த ஆண்டு. தாத்தாவுக்கு 61, பேத்திக்கு 7. ஊர்வலத்தில் நேரடி இசைக்கு, அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும், மறுபடி அனுமதி கிடைத்தது 2016இல். பேத்திக்கு அப்போது 50. நாயனக்காரர் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய கதைத் திருப்பத்தை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது, வரலாறே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தடை சாலை ஊர்வலத்துக்குத்தான். கோயிலுக்குள் மேளம் நின்றுவிட்டதாகக் காட்டினால் சிராங்கூன் ரோட்டில் வளர்ந்த எவரும் எழுந்து போய்விடுவார்.

வயதுக் கணக்குப் போடாமல் எழுதினால் வரும் வழக்கமான கோளாறு, அம்மாவுக்கும் மகளுக்கும் பதினோரு வயது வித்தியாசம் வந்து நிற்பது. படப்பிடிப்புக்கு முந்தைய வாரம்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

போர்ப் பகுதி

போரைப் பெரிதாகக் காட்டப் பணம் வேண்டும், உண்மையாகக் காட்டக் கவனம் போதும். குண்டுவீச்சைத் திரைக்கு வெளியே வைத்துவிட்டு, வீட்டுக்குள் என்ன மாறியது என்று எழுதுங்கள்.

கடிகாரம் மாறியது. ஜப்பான்காரன் காலத்தில் டோக்கியோ நேரம், அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னே. விடியலே எட்டு மணிக்கு. ஆறு மணிப் பூசை என்றால் கும்மிருட்டு, விளக்கு வேண்டும். ஒளிப்பதிவாளருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பணம் மாறியது, வாழைமரப் படம் போட்ட நோட்டு. சோறு மரவள்ளிக்கிழங்கானது.

இசைக் குடும்பத்துக்கு இவற்றோடு இன்னொன்றும் சேரும்: சீவாளி. நாயனத்தின் வாயில் செருகும் அந்தச் சின்ன நாணல் துண்டு திருவாவடுதுறைப் பக்கம் செய்யப்படுவது. எச்சில் பட்டு, பிளந்து, தேய்ந்து போகிற பொருள். நாகப்பட்டினம், சென்னைக் கப்பல் நின்றால் புதுச் சீவாளி வர வழியில்லை. நாயனத்தில் நூலில் கட்டித் தொங்கும் உபரிச் சீவாளிகளைக் காட்சிக்குக் காட்சி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். முதலில் ஐந்து, பிறகு மூன்று, 1944இல் ஒன்று. அந்த ஒன்றை அவர் தண்ணீரில் நனைத்து, ஊசியால் வாயை மெல்ல விரித்து, ஊதிப் பார்க்காமல் மறுபடி துணியில் சுற்றி வைக்கிறார். வசனம் எழுத வேண்டாம்.

நாள்களைத் தவறவிடாதீர்கள். 1942 பிப்ரவரி 17, ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தது. 1943 ஜூலை 4, கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திர லீகின் தலைமை ஏற்றது. அதே கட்டடத்தில் அக்டோபர் 21, சுதந்திர இந்திய அரசுப் பிரகடனம். மறுநாள் வாட்டர்லூ தெருவில், இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறப்பு. ஆர்மோனிய வீட்டுப் பெண் அங்கே சேர்கிறாள் என்றால், முதல் பயிற்சிக் காட்சியை ஜூலையில் வைத்துவிடாதீர்கள்.

ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையும் இதே ஆண்டுகள்தான். 415 கி.மீ., 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெரும்பாலும் மலாயா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிகள். ஆகவே தவில்காரரின் தம்பியை ஜொகூர்த் தோட்டத்தில் குடிவையுங்கள். அண்ணன் ஐஎன்ஏ கூட்டத்துக்கு மேளம் வாசிக்கும் அதே மாதத்தில் தம்பி சயாம் லாரியில் ஏறுகிறான். ஜப்பானியர் ஒரே ஆள், ஒரு வீட்டுக்கு நம்பிக்கை, இன்னொரு வீட்டுக்கு எமன். இந்த முரணை யார் வாயிலும் விளக்கமாக வைக்காதீர்கள்.

தகவலுக்கு எங்கே போவது என்றால், தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படியுங்கள். கப்பல் புறப்படும் நாள், நாடகக் கம்பெனியின் பெயர், இசைத்தட்டு விலை எல்லாம் அங்கேதான். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளில் பேச்சுத்தமிழ் எப்படி இருந்தது என்று காதால் கேட்கலாம். வசனம் எழுதுபவர் பத்து மணி நேரமாவது கேட்டுவிட்டு எழுதினால் ‘தாத்தா’ பாத்திரம் இன்றைய செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பேசாது.

வாத்தியத்தில் நடக்கும் காலப்பிழைகள்

1934இல் வந்தவர் கையில் பாரி நாயனம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போது புழக்கத்தில் மிகுந்தது திமிரி, நீளம் குறைவு, சுருதி நாலு ஐந்து கட்டை (கட்டை கூடக் கூடச் சுருதி ஏறும்). பாரி நாயனத்தை டி. என். ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கிய பிறகுதான் இரண்டு, இரண்டரைக் கட்டை பொதுவழக்கானது. தாத்தாவுக்குத் திமிரி, மகனுக்குப் பாரி என்று வைத்தால், ஒரே மல்லாரி தலைமுறை மாறும்போது கனத்து இறங்கி ஒலிக்கும். இதைக் கணினியில் சுருதி இறக்கிச் செய்யக் கூடாது. செய்தால் நாயனத்தின் மூச்சு செயற்கையாகிவிடும், பழகிய காது உடனே பிடித்துவிடும். இரண்டு வாத்தியத்திலும் தனித்தனியே பதிவு செய்யுங்கள்.

தவிலும் அப்படியே. இன்றைய இரும்பு வளையமும் போல்ட்டும் அன்று இல்லை, வார் பிடித்த தவில்தான் வேண்டும். சிங்கப்பூர் ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும், மழை நாளில் வெளிப்புறக் காட்சி வைத்தால் ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் இழுத்துப் பிடிக்க நேரம் ஒதுக்க வேண்டும். சுருதிக்கு எண்பதுகளுக்கு முன் எலெக்ட்ரானிக் பெட்டி வைக்காதீர்கள். ஒத்து ஊதும் ஆள் ஒருவர், அல்லது துருத்தி வைத்த பெட்டி.

கிராமபோன் காட்சி எல்லோரும் வைப்பார்கள். வைத்தால் ஒழுங்காக வையுங்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். எஃகு ஊசியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். சாவி முடுக்கம் தளர்ந்தால் வேகம் குறையும், வேகத்தோடு சுருதியும் வழுக்கும். போரில் ஊசி தீர்ந்துபோன வீட்டில் பழைய ஊசியாலேயே தட்டைத் தேய்ப்பதைக் காட்டினால் காலமும் வறுமையும் ஒன்றாகத் தெரியும்.

நடிகர்களும் பதிவும்

லெலூஷ் பெற்றோரையும் பிள்ளைகளையும் சில இடங்களில் ஒரே நடிகரிடம் கொடுத்தார். மரபு தொடர்வதைக் காட்ட அருமையான வழி, ஆனால் முதல் முறை பார்ப்பவர் ‘இவர் இன்னும் சாகவில்லையா’ என்று குழம்புவதும் உண்மை. செய்வதாக இருந்தால் ஒரே ஒரு ஜோடிக்குச் செய்யுங்கள், நம் கணக்கில் பாட்டிக்கும் பேத்திக்கும். இரண்டு பாத்திரங்களுக்கும் இடையில் குறைந்தது இருபது நிமிடப் படம் ஓடட்டும். பேத்தி முதலில் வரும் காட்சியிலேயே யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

நாயனம் வாசிக்கத் தெரியாத நடிகருக்கு விரல் பழக்குவது பெரிய காரியமில்லை. மேலே ஏழு துளை, இடது கை மேல், வலது கை கீழ். கீழே உள்ள ஐந்து துளைகள் சுருதிக்கு, அவற்றில் விரல் போகக் கூடாது, பலர் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். கஷ்டம் கன்னத்திலும் கழுத்திலும்தான். மூச்சு எங்கே எடுக்கிறோம் என்பது பொருந்தாவிட்டால் விரல் சரியாக இருந்தும் பொய்யாகத் தெரியும். முகத்துக்கு நடிகர், நெருக்கக் காட்சிக்கு உண்மையான வித்வானின் கை, இருவருக்கும் ஒரே மோதிரம். தவிலுக்கு வலது கை விரல்களில் கூடு மாட்டுவதை ஒருமுறை முழுசாகக் காட்டிவிட்டால், அப்புறம் நெருக்கக் காட்சி அவ்வளவாகத் தேவைப்படாது.

இசையை முதலில் பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு நடிக்க வையுங்கள். பதிவில் மைக்கைக் கீழ் அணைசுக்கு (நாயனத்தின் அகன்ற வாய்க்கு) நேரே பிடிக்காதீர்கள், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். தவிலுக்குத் தனி மைக். ஒரே அறையில் வாசித்தால் ஒன்று இன்னொன்றில் ஏறும்தான், ஆனால் இருவரையும் தனித்தனி அறையில் அடைத்தால் பரஸ்பரம் பார்த்து வாசிக்கும் உயிர் போய்விடும். ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கோயிலில் எடுக்க யாரிடம் கேட்பது என்பது கோயிலைப் பொறுத்தது. பெருமாள் கோயிலும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் செட்டியார் கோயில் குழுமத்தின் கீழ். தைப்பூச ஊர்வலம் முதலதில் புறப்பட்டுக் கடைசியதில் முடிவதால், அந்தக் காட்சிக்கு இரண்டு இடத்திலும் அனுமதி வேண்டும்.

பக்க அளவு, 160 பக்கத் திரைக்கதை என்று வைத்தால்: போருக்கு முன் 35, போர் 50, 1945 முதல் 1971 வரை 40, மீதி கடைசித் தலைமுறைக்கு. போர் 70 பக்கத்தைத் தாண்டினால் பேத்திக்கு இடமிருக்காது, அவள் கையில் நாயனம் வரும்போது யார் என்று யாருக்கும் கவலை இராது.

கடைசியாகத் தொழில்நுட்பத்தில் ஒன்று. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள், இல்லாவிட்டால் கோயில் விளக்குகள் திரையில் துடிக்கும். படம் முடிந்து, தொலைக்காட்சிக்காக யாராவது 24ஐ 25 ஆக வேகம் கூட்டிக் கொடுத்தால், சுருதி முக்கால் அரைச்சுரம் போல் ஏறிவிடும். சாதாரணப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு கட்டை நாயனம் இரண்டரையை நெருங்கி ஒலிக்கும் படத்தில் கவனிப்பார்கள். சுருதியைத் திருத்தித்தான் தர வேண்டும் என்று ஒப்படைப்புத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.