கண்ணில் பூ விழுந்த குதிரையை வாங்கலாமா?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு முதல் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார்கள். கண்ணை நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. அப்புறம் தோற்றம் நன்றாக இருந்தும் விலை குறைவாகச் சொல்கிற ஒரு குதிரை மாட்டும், கிட்டே போனால் ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். "அதொண்ணும் இல்லீங்க தம்பி, குட்டியில முள்ளுக் குத்தினது" என்பார் விற்பவர். அது உண்மையாகவும் இருக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கண் போய், புண் ஆறி, வலியில்லாமல் இருக்கிற குதிரையை நான் வாங்குவேன், வாங்கியும் இருக்கிறேன். விட்டுவிட்டு வீங்கிச் சிவக்கிற கண் உள்ள குதிரையை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: தள்ளி நின்று பாருங்கள்

பத்து நிமிஷம் கிட்டே போகாதீர்கள். குதிரைக்கு நேர் எதிரே நின்று இரண்டு கண்ணின் மேல் இமை முடியையும் ஒப்பிடுங்கள். நல்ல கண்ணில் முடி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், வலிக்கிற கண்ணில் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நானும் இதை முதலில் நம்பவில்லை, ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். கன்னத்தில் நீர் வழிந்து காய்ந்த தடம், பீளை, ஒரே பக்கத்து நெற்றியிலும் இடுப்பெலும்பிலும் பழைய சிராய்ப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தால் அவிழ்த்துச் சுற்றிவரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

படி 2: நிழலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

கொட்டகைக்குள் கொண்டுபோய், ஒருவர் முகக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் தோளோரம் நின்று செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டுங்கள். குதிரையின் பாவை, அதாவது கண்ணின் நடுவில் வெளிச்சம் உள்ளே போகும் கருந்துளை, படுக்கைவசத்தில் நீள்வட்டமாக இருக்கும். அதன் மேல் விளிம்பில் கரும்பழுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தொங்கும், புதிதாகப் பார்ப்பவர்கள் கட்டி என்று பயந்துவிடுவார்கள். அது எல்லாக் குதிரைக்கும் இருப்பதுதான். வெளிச்சம் பட்டால் பாவை சுருங்க வேண்டும். நல்ல வெயிலிலும் அகல விரிந்தே இருந்தால் பார்வை இல்லாமல் இருக்கலாம், இல்லை பாவையை விரியவைக்கும் அட்ரோபின் சொட்டு விட்டிருக்கலாம். குதிரைக் கண்ணில் அந்த மருந்தின் வேலை பல நாள் நிற்கும். பாவை சிறுத்து, விளிம்பு பிய்ந்த மாதிரி கோணலாக இருந்தால் உள்ளே பலமுறை அழற்சி வந்து ஒட்டிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. நண்பர் ஒருவரின் லாயத்தில், லேசாக நீலம் பாய்ந்திருந்த ஒரு கண்ணில் டார்ச் அடித்தபோது, கருவிழிக்குப் பின்னால் வெள்ளை நூல் ஒன்று நெளிந்து வளைந்து மறைந்தது. கண் புழு. மாட்டின் வயிற்றறையில் வாழ வேண்டிய புழு, கொசுக்கடி வழியாகக் குதிரைக்குள் வந்து, வழிதவறிக் கண்ணில் ஏறிவிடுகிறது. சீக்கிரம் பார்த்துவிட்டால் டாக்டர் சின்ன அறுவையில் எடுத்துவிடுவார், கண்ணும் பெரும்பாலும் பிழைக்கும். அதனால் புழு என்றதும் ஓடிவிட வேண்டாம்.

படி 3: பார்வை இருக்கிறதா?

விரல்களை அகல விரித்துக் கையைக் கண்ணை நோக்கி மெதுவாகக் கொண்டுபோங்கள். காற்று அடிக்கக்கூடாது, மீசை முடியில் படக்கூடாது, பட்டால் பார்வையே இல்லாத குதிரையும் சிமிட்டும். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டி சிமிட்டாது, அது இயல்பு. அப்புறம் ஒரு கண்ணைத் துண்டால் மறைத்து, தரையில் இரண்டு மூங்கிலைப் போட்டு நடத்திப் பாருங்கள். மற்ற கண்ணையும் அப்படியே.

படி 4: எந்த வகைக் கோளாறு?

முள் குத்தின தழும்பு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், வளராது. நீலம் கலந்த வெளிறிய கண்ணாடிக் கண் நோயே கிடையாது. ஆனால் நுக்ரா மாதிரி வெள்ளைக் குதிரைகளுக்கு இமையோரத் தோல் ரோஸ் நிறமாக இருந்தால் வெயிலால் புற்று வரும் வாய்ப்பு அதிகம், அங்கே ஆறாத செம்புண் இருக்கிறதா பாருங்கள்.

பயப்பட வேண்டியது யுவியைட்டிஸுக்கு. கண்ணின் உள்ளே வரும் அழற்சி இது. நிலா தேய்ந்து வளர்வதுபோல வந்து போகிறது என்று மேலைநாட்டில் அந்தக் காலத்தில் நிலாக்குருடு என்றே பெயர் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்கக் குதிரைகள் குருடாவதற்கு முதல் காரணம் இதுதான். எலி, மாட்டு மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கிருமி போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணைத் திரும்பத் திரும்பத் தாக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பார்வை போகும், அடுத்த கண்ணுக்கும் வரலாம். இடையில் கண் சாந்தமாக இருக்கும் நாளில்தான் சந்தைக்கு வரும். அதனால் முன்பணம் கொடுக்காமல், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் போய் இன்னொரு தடவை பாருங்கள்.

படி 5: டாக்டர்

விற்பவர் கூட்டிவரும் ஆள் வேண்டாம், நீங்களே கூட்டிப்போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருவிழியில் புண் இருந்தால் ஃப்ளூரசின் சாயம் விட்டதும் அந்த இடம் மட்டும் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சோதனை செய்யாமல் வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை விடாதீர்கள், புண் இருந்தால் கண்ணே போய்விடும்.

படி 6: யாருக்கு, எதற்கு?

2017இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் பேட்ச் என்ற குதிரை இடது கண் இல்லாமலேயே ஓடியது. ஆக, ஒற்றைக் கண் குதிரை வேலை செய்யும். ஆனால் சவாரி பழகும் குழந்தைக்கு முதல் குதிரையாக அதை வாங்காதீர்கள், தெரியாத பக்கத்தில் சத்தம் கேட்டால் திடீரென்று விலகும், குழந்தை விழும்.

என் பெண் குதிரைக்கும் இடது கண் கிடையாது. அந்தப் பக்கம் போனால் முதலில் குரல் கொடுத்து, தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே சுற்றிவருவேன். நீங்கள் வாங்கினால் லாரியில் ஏற்றும்போதே இதை ஆரம்பித்துவிடுங்கள். வீட்டில் முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியையும் கொள்ளு வைக்கும் இடத்தையும் மாற்றாதீர்கள், கண் இல்லாத பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கம்பி எல்லாவற்றையும் அது வருவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிடுங்கள்.