டேக்கோமீட்டர் இணைப்பில் எண்ணெய்க் கசிவு: முதன்முறை செய்பவருக்கு

சிறிய விமானத்தில் பறந்துவிட்டு வந்து என்ஜின் மூடியைத் திறக்கிறீர்கள். பின்பக்கம், டேக்கோமீட்டரின் (என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் கருவி) கேபிள் என்ஜினோடு சேரும் இடத்தில் எண்ணெய் பளபளக்கிறது. உடனே ஸ்பானரை எடுத்து நட்டை இறுக்கத்தான் கை போகும். தயவுசெய்து இறுக்காதீர்கள். அந்த நட்டு கேபிளைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் சீல்.

லைகமிங், கான்டினென்டல் போன்ற சிறிய பிஸ்டன் என்ஜின்களில் டேக்கோமீட்டரைச் சுழற்றும் தண்டு பொதுவாக கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பாதி வேகத்தில் சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் தண்டு 1,200 முறை சுற்றுகிறது; ஒரு மணி நேரத்தில் 72,000 முறை. அத்தனை சுற்றும் சீலின் மெல்லிய உதட்டில் உரசித்தான் நடக்கிறது. சூட்டில் ரப்பர் கெட்டிப்பட்டதும் எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும்.

தொடங்குமுன் ஒன்று. இந்த வேலையை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் மேற்பார்வையில், உங்கள் என்ஜினுக்கான கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்சை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லர் எந்த நொடியும் சுழலக்கூடும் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். என்ஜின் நன்றாக ஆறட்டும்.

முதல் படி: கசிவின் பிறப்பிடம்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. காற்றும் புவியீர்ப்பும் எண்ணெயை இழுத்துக்கொண்டு போவதால், ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று சொல்லிவிட முடியாது. மேக்னெட்டோவின் கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு இடையில் கசியாமல் வைக்கும் மெல்லிய தகடு), வாக்குவம் பம்ப் அடிப்பகுதி, எண்ணெய் வடிகட்டி இணைப்பு ஆகியவற்றில் கசிவதும் இங்கே வந்து தேங்கலாம். அந்தப் பகுதி முழுவதையும் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். விரிசல் சோதனைக்குப் பயன்படும் வெள்ளைப் பொடி ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடித்து, என்ஜினைச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டுங்கள். மூடி இல்லாமல் நெடுநேரம் ஓட்டினால் சிலிண்டர்களுக்குச் சரியான குளிர்ச்சி கிடைக்காது. நிறுத்தியபின், வெள்ளையில் முதலில் கறை தோன்றிய இடத்தைத் தேடுங்கள்.

பிறகு கேபிள் நட்டைக் கழற்றி உள்கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியும் உறையும் என்ஜின் எண்ணெயில் நனைந்திருந்தால் குற்றவாளி சீல். அதை அப்படியே விட்டால் எண்ணெய் உறை வழியே ஏறி, கருவிப் பலகையில் இருக்கும் டேக்கோமீட்டர் வரை போய்ச் சேரும். கம்பி உலர்ந்திருந்து, இணைப்புக் கூடு என்ஜினில் உட்காரும் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தால் கூட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இரண்டாம் படி: கழற்றுதல்

கூட்டைத் திருப்புமுன் அதன் திருகுப் புரியின் திசையைக் கையேட்டில் பாருங்கள். எல்லா என்ஜினிலும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பி வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உடைவது விலை உயர்ந்த வார்ப்பு. கொஞ்சம் எண்ணெய் வடியும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். திறந்த துளையைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது அது உட்கார்ந்திருந்த சுவரில் கீறல் விழக்கூடாது. பிறகு தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய சீலும் சீக்கிரமே கசியும். தண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: புதிய சீல்

உதடும் அதன் சுருள்வில்லும் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஆகவே பழைய சீலைக் கழற்றும்போதே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதட்டில் சுத்தமான என்ஜின் எண்ணெயைத் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து, சாயாமல் நேராகத் தட்டி இறக்குங்கள். தண்டு முனையின் கூரிய விளிம்பு உதட்டைக் கிழித்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நுழைத்துவிட்டு, பிறகு தாளை உருவிவிடுங்கள்.

கேஸ்கெட் எப்போதும் புதியது. கையேடு சொல்லாத இடத்தில் சிலிக்கான் பசையைப் பூசுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பிதுங்கிய துணுக்கு உள்ளே உடைந்து விழுந்தால் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சொட்டும் கசிவு பரவாயில்லை, அடைபட்ட சல்லடை என்ஜினையே கொன்றுவிடும். குறிப்பிட்ட முறுக்கு விசையில் இறுக்குங்கள். இறுக்கியது தளராமல் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பி கட்டும் இடம் இருந்தால், இறுகும் திசையில் இழுக்கும்படி கட்டுங்கள்.

கேபிளைத் திரும்பப் பூட்டும்போது கூர்மையான வளைவு வேண்டாம். உள்கம்பிக்கு நீளவாக்கில் சிறிது அசைவு இருக்கட்டும். தண்டை அது அழுத்திக்கொண்டே இருந்தால் சீல் மீண்டும் தேயும்.

நான்காம் படி: சோதனை

தரையில் ஓட்டிப் பாருங்கள், மூடியைப் பூட்டி ஒரு சிறிய சுற்றுப் பறந்து வாருங்கள், மறுபடி திறந்து பாருங்கள். டேக்கோமீட்டர் முள் நடுங்காமல் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கசிந்தால், கிராங்க் அறையின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயைச் சோதியுங்கள். அழுக்கோ பனிக்கட்டியோ அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும். அப்படி நேர்ந்தால் மாற்ற வேண்டியது சீல் அல்ல.