கடலோர வீட்டுக்குப் புன்னை

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால், உப்புக் காற்றில் இலை கருகுகிற செடிகளோடு மல்லுக்கட்டாமல் பேசாமல் புன்னையை வையுங்கள். வருஷம் முழுக்கப் பச்சை, வெள்ளைப் பூவுக்கு நல்ல வாசனை.

விதையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மரத்தடியில் பழுத்து விழுந்த காயைப் பொறுக்கி, தோலை நீக்கி, மேலோட்டோடு அப்படியே ஊன்றினால் முளைக்க 2 மாதம்கூட ஆகலாம், அதற்குள் இது தேறாது என்று தொட்டியையே கவிழ்த்துவிடுவோம் (நான் கவிழ்த்தேன்). சுத்தியலால் மெதுவாகத் தட்டி, உள்ளே இருக்கும் பருப்பு நசுங்காமல் ஓட்டை முழுக்க எடுத்துவிட்டு மணல் கலந்த மண்ணில் வையுங்கள், 3 வாரத்தில் முளை தெரியும்.

கன்று ஓரடி வளர்ந்ததும் ஐப்பசி மழையோடு, 2 அடிக் குழியில் மக்கிய சாணியெரு போட்டு நடலாம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, ஏனென்றால் இது பெரிய மரம். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்களுக்குக் கன்றுக்குக் கம்பு கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் 2 கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு உரத்தைக் கொட்டாதீர்கள்.

அவ்வளவு இடம் இல்லையா? சரி, தொட்டியில் இட்லிப் பூ வையுங்கள். நரம்பு பச்சையாக இருந்து இளம் இலை மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு.