வருஷக் கடைசியில வீட்டுத்தோட்டக் கழகத்து வேலைய எப்படி முடிக்கிறது, ஏப்ரலுக்கு எப்படி தயாராகுறது

எங்க இலங்கை மலையகத்துப் பக்கம் தோட்டம்னாலே தேயிலைத் தோட்டம்தான், சங்கம்னா தொழிற்சங்கம்தான். அதனால 2022ல நாங்க பத்துப் பதினைஞ்சு பேர் சேந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு முன்னாடி இருக்கிற துண்டு நிலத்துல மரக்கறியும் பூவும் போடலாம்னு ஆரம்பிச்சப்போ, தோட்டச் சங்கம்னு சொன்னா சந்தா புடிக்க வந்துட்டாங்கன்னு நெனைப்பாங்களேன்னு வீட்டுத்தோட்டக் கழகம்னு பேர் வெச்சோம். அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு மலையகத்துல இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்ல. 2021ல ரசாயன உரத்த நிப்பாட்டினாங்க, அடுத்த வருஷம் பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, கரட் வெளையுற மண்ணுல இருந்துகிட்டே கரட் வாங்க முடியாத நெலம. அப்ப நெறைய எடத்துல இந்த மாதிரி குழு தொடங்கி ரெண்டு வருஷத்துல நின்னும் போச்சு. நான் பாத்த வரைக்கும் அதுக்கு காரணம் டிசம்பர் மாசம்தான். வருஷக் கடைசிக் கூட்டத்த தேத்தண்ணியும் கேக்குமா முடிச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு கலைஞ்சுட்டா, அடுத்த வருஷம் கையில விதையும் இருக்காது, எந்தச் செடி ஏன் செத்துச்சுன்னு ஞாபகமும் இருக்காது, திரும்பவும் ஒன்னாம் வகுப்புல இருந்து ஆரம்பிக்கணும். அதனால நாங்க எப்படி செய்றோம்னு அப்படியே எழுதுறேன், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல நாள் குறிக்கிறது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுலதான் பாதிப் பேர் விட்டுப்போறாங்க. ஒரு வருஷம் கிழமை நாள் பின்னேரம் மூணு மணிக்கு கூட்டம் வெச்சோம், வந்தவங்க எல்லாம் ஆம்பளைங்களும் பென்ஷன்காரங்களும்தான், மலையில கொழுந்து எடுத்துகிட்டிருந்த அக்காமாருங்க ஒருத்தர்கூட இல்ல, ஆனா வீட்டுத்தோட்டத்துல குனிஞ்சு வேலை செய்றது யாருன்னு பாத்தா அவங்கதான். எங்க பக்கம் 10ம் திகதி சம்பளம், அதுக்கு அடுத்து வர்ற ஞாயிறு எல்லாரும் டவுனுக்கு சாமான் வாங்கப் போயிருவாங்க. மார்கழி பொறந்தா விடியக்காலையில கோயில்ல பஜனை. அதனால டிசம்பர் மூணாவது ஞாயிறு காலையில பத்து மணிக்குன்னு வெச்சுட்டோம். பின்னேரம் வேணாம், மழை வந்தா யாரும் லயத்த விட்டு எறங்க மாட்டாங்க. கைக்காசுக்கு (அன்னைக்கே கையில கூலி வாங்கி) கொழுந்து எடுக்கப் போறவங்க இருந்தா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருங்க.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு சுத்து நடங்க. நாலஞ்சு பேரா சேந்து ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தையும் பாத்துட்டு வரணும், குறை சொல்றதுக்கு இல்ல, எழுதுறதுக்கு. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வெச்சிருக்கோம், அதுல வெளைஞ்சதுக்கு ஒரு பக்கம், செத்ததுக்கு ரெண்டு பக்கம். செத்தது ஏன் முக்கியம்னா வெளைஞ்சத எல்லாரும் தானா சொல்லுவாங்க, செத்தத யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. எந்த மாசம் நட்டது, எந்தக் கடை விதை, மழையா பனியா, எலையில புள்ளியா, வேர்ல வீக்கமா, காட்டுப்பன்னி கிளறிச்சா, முள்ளம்பன்னி கடிச்சுச்சா, இது எல்லாம் ஒரு வரியில எழுதுனா போதும். மூணு வருஷத்துக் கொப்பிய பொரட்டிப் பாத்துதான் எங்க லயத்துக்குக் கீழ பள்ளத்துல இருக்கிற வீடுகள்ல மட்டும் ஜனவரியில போஞ்சி கருகுதுன்னு கண்டுபுடிச்சோம். அது நோய் இல்ல, பனி. குளிர்ந்த காத்து பள்ளத்துலதான் வந்து தேங்கும்.

கணக்கு வாசிக்கிறதுக்கு பத்து நிமிஷம் போதும். வரவு, செலவு, மிச்சம், மூணையும் பெரிய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிருங்க, வாசிக்கத் தெரியாதவங்களுக்கு யாராவது ஒரு பிள்ளை சத்தமா வாசிக்கட்டும். தலைவர் செயலாளர் தெரிவும் அதோட முடிச்சுருங்க. பொருளாளர் மட்டும் ஒரே ஆள் ரெண்டு வருஷத்துக்கு மேல வேணாம்னு நான் சொல்லுவேன், நம்பிக்கை இல்லாததால இல்ல, ரெண்டு மூணு பேருக்காவது கணக்கு பழகணும்.

இப்ப விதை. இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும்.

நம்ம மலையில விதைக்கு எதிரி வெயில் இல்ல, ஈரம். முதல் வருஷம் நாங்க போஞ்சியும் கொத்தமல்லியும் பாலித்தீன் பையில கட்டி பிஸ்கட் டின்ல போட்டு மூடி வெச்சோம், பெப்ரவரியில தொறந்தா பூஞ்சணம் புடிச்ச வாடைதான் வந்துச்சு, ஒரு பிடி கூட தேறல. எல்லாரும் குடுத்த விதை அது, அந்த டின்னோட நான் நின்ன நெலம இன்னும் மறக்கல. அதுக்குப் பிறகு இப்படி செய்றோம்: போஞ்சி நெத்து செடியிலயே காஞ்சு சலசலன்னு சத்தம் கேக்குற வரைக்கும் விடணும், மழை விடாம பெஞ்சா செடியோட புடுங்கி அடுப்படியில தலைகீழா கட்டித் தொங்கவிடணும், ஆனா அடுப்புக்கு நேர் மேல வேணாம், கைய வெச்சா இளஞ்சூடா இருக்கிற தூரத்துல. விதைய உரிச்சதும் நகத்தால அழுத்திப் பாருங்க, தடம் விழுந்தா இன்னும் ஈரம் இருக்கு, கல்லு மாதிரி இருந்தா சரி. பிறகு ஒரு கை அரிசிய நல்லா வறுத்து ஆறவெச்சு துணியில முடிஞ்சு கண்ணாடிப் போத்தல் அடியில போட்டு, அதுக்கு மேல விதைய காகித உறையில போட்டு இறுக்கி மூடணும். ஈரத்த அரிசி இழுத்துக்கும். உறை மேல என்ன விதை, யார் வீடு, எந்த மாசம்னு பென்சில்ல எழுதுங்க, பேனா மை கரைஞ்சு போயிரும்.

கூட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி முளைப்புச் சோதனை செஞ்சுருங்க. பத்து விதை எண்ணி நனைச்ச பழைய பருத்தித் துணியில வரிசையா வெச்சு சுருட்டி லஞ்ச் ஷீட்ல சுத்தி சூடான எடத்துல வைக்கணும், துணி காயக் கூடாது. போஞ்சி ஒரு வாரத்துல தெரியும், கரட்டும் லீக்ஸும் ரெண்டு வாரம்கூட எடுக்கும். எட்டுக்கு மேல முளைச்சா நல்ல விதை, அஞ்சு ஆறுன்னா கொஞ்சம் நெருக்கிப் போடணும், அதுக்கும் கீழன்னா யாருக்கும் குடுக்க வேணாம். லீக்ஸ், வெங்காய விதை எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல நம்பாதீங்க, தக்காளி விதை நாலு வருஷம்கூட தாங்கும். கரட், கோவா விதை பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வர்றது, டின்ல விக்கிறாங்க, ஒரு ஆளுக்கு ஒரு டின் அதிகம், அதனால கழகத்துக் காசுல ஒன்னு வாங்கி அன்னைக்கே பிரிச்சுக்கலாம். கலப்பின விதையில வந்த காய்ல விதை எடுத்தா அடுத்த வாட்டி அதே மாதிரி வராது, இதையும் எல்லாருக்கும் சொல்லிருங்க.

நாத்து மாத்திக்கிறதுல ஒரு கண்டிப்பு வேணும், அது மண்ணோட குடுக்கக் கூடாதுங்கிறது. எங்க கழகத்துக்கு வெளியில இருந்து ஒருத்தர் ஆசையா கோவா நாத்து கொண்டாந்து குடுத்தாரு, மூணு மாசத்துல செடி வெயில் நேரத்துல வாடி நின்னுச்சு, புடுங்கிப் பாத்தா வேர் எல்லாம் வெரல் தடிப்புல வீங்கி இஞ்சி மாதிரி இருந்துச்சு. இந்த வேர் வீக்க நோய் மண்ணுல பத்து வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும், புளிப்பு மண்ணுல இன்னும் நல்லா பரவும், தேயிலை மண்ணு புளிப்புதான். அந்தப் பாத்தியில இப்ப வரைக்கும் கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் போடுறதில்ல, லீக்ஸும் போஞ்சியும்தான். பூச்செடின்னா தண்டு வெட்டிக் குடுங்க, கிழங்குன்னா கழுவிக் காயவெச்சுக் குடுங்க. ஒருத்தர் பாத்தியில மிதிச்ச சப்பாத்தோட இன்னொருத்தர் பாத்தியில எறங்காதீங்க.

மண்ணப் பத்தி பேசும்போதே டொலமைட் (மண்ணோட புளிப்பக் குறைக்கிற சுண்ணாம்புத் தூள்) விஷயத்தையும் முடிவு பண்ணிருங்க. தேயிலைக்கு 4.5ல இருந்து 5.5 வரைக்கும் பி.எச். (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) இருந்தா அதுக்கு சந்தோஷம், மரக்கறிக்கு 6, 6.5 வேணும். அதனால மூட்டையா வாங்கிப் பிரிச்சு, நடுறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி மண்ணுல கலக்கி விடுங்க, சாணி போடுற அன்னைக்கே போடாதீங்க. எவ்வளவு போடணும்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, மண்ணு பரிசோதிச்சுட்டுப் போடுங்க, விவசாயத் திணைக்களத்தோட 1920க்கு கோல் எடுத்தா தமிழ்லயே கேக்கலாம். நீலப் பூ வேணும்னு ஆசைப்படுறவங்க ஹைட்ரேன்ஜியா பக்கத்துல மட்டும் டொலமைட் போட்றாதீங்க. நம்ம புளிப்பு மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேருக்குக் கெடைக்கிறதாலதான் அந்த நீலம், சுண்ணாம்பு ஏறினா ரோஸ் கலருக்கு மாறிரும்.

அடுத்த வருஷத் திட்டம் போடும்போது வேற ஊர்க்காரங்க அட்டவணைய அப்படியே எடுக்காதீங்க. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் பெரிய மழை மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும், ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் தண்ணிக்கு அலையணும். பதுளை, பண்டாரவளை பக்கம் அதுக்கு நேர் மாறு, டிசம்பர் ஜனவரியிலதான் அடிச்சு ஊத்தும். அதனால நம்ம பக்கம் டிசம்பர்ல மழைத்தண்ணி பீப்பாய கழுவி வைக்கணும், அந்தப் பக்கம் தண்ணி ஓடுற கான் வெட்டி சுத்தம் பண்ணணும். பாத்தி எப்பவும் சரிவுக்குக் குறுக்கதான், வெறும் மண்ண மழைக்குக் காட்டாம மானாப்புல்லு வெட்டிப் போடுங்க, தேயிலைய கவ்வாத்து பண்ணும்போது, அதாவது கிளைய வெட்டிவிடும்போது விழுற மிளாறுல மெல்லிசா இருக்கிறதையும் போடலாம். எடம் பத்தலன்னு லயத்துக்குப் பின்னாடி மண்மேட்ட மட்டும் வெட்டாதீங்க, உர பேக்ல மண்ணு நெரப்பி வெச்சுக்கலாம். நெலத்துல வெடிப்பு, மரம் சாயுறது, ஊத்துத் தண்ணி திடீர்னு சேறா வர்றது, இதுல எது கண்டாலும் செடி கொடிய விட்டுட்டு ஆளுங்களோட வெளியேறி கிராம சேவகருக்கு சொல்லுங்க.

பனிக்கு: ஜனவரி, பெப்ரவரியில ராத்திரி வானம் துடைச்சு விட்ட மாதிரி தெளிவா, காத்தே இல்லாம இருந்தா விடியக்காலை பனி விழும்னு வெச்சுக்கோங்க, நுவரெலியா, கந்தப்பளை பக்கத்து ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். அன்னைக்கு பின்னேரமே மண்ண நனைச்சு விடுங்க, ஈர மண்ணு சூட்ட புடிச்சு வெச்சுக்கும், பழைய சாக்கோ மானாப்புல்லோ போட்டு மூடி, வெயில் ஏறினதும் எடுத்துருங்க. யார் வீட்டுல எத்தனை சாக்கு இருக்குன்னு டிசம்பர்லயே எண்ணி வெச்சுக்கணும்.

இனி ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டு, நுவரெலியா சீசன், பூ கண்காட்சி எல்லாம் அந்த மாசம்தான், நாங்களும் எங்க பூவ கோயில் முன்னாடி ஒரு நாள் அடுக்கி வைக்கிறோம். அதுக்கு நாள பின்னால இருந்து எண்ணணும். நம்ம குளிருக்கு ரோஸ் கவ்வாத்து பண்ணி எட்டுல இருந்து பத்து வாரத்துல பூக்கும், அதனால ஜனவரி கடைசி வாரத்துல இருந்து பெப்ரவரி முதல் வாரத்துக்குள்ள வெட்டணும். டிசம்பர்ல கை துறுதுறுன்னு இருந்தாலும் வெட்டாதீங்க, புதுத் துளிர் நேரா பனியில மாட்டிக்கும். பாதிச் செடிய ஒரு வாரமும் மீதிய அடுத்த வாரமும் வெட்டுனா பூ ஒரேயடியா வந்து ஒரேயடியா கொட்டாது.

வெட்டுறத எங்களுக்கு சொல்லிக் குடுத்தது தேயிலை மலையில முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டுன ஒரு தாத்தா. புத்தகம் பாத்து நாங்க வெட்டுனத பாத்துட்டு, "என்னம்மா கடிச்சு வெச்சிருக்கீங்க"ன்னாரு. அவரு முதல்ல கத்திய தீட்டுக்கல்லுல தண்ணி விட்டு தீட்டி, எலை ஒன்ன புடிச்சு அதுல ஓட்டிப் பாத்தாரு, சத்தமில்லாம ரெண்டாச்சு. பிறகு செடிக்கு வெளிப்பக்கம் பாத்த மொட்டு ஒன்ன தேடி, அதுக்கு கால் இஞ்சி மேல, தண்ணி மொட்டுப் பக்கம் வழியாத மாதிரி சாய்ச்சு ஒரே வெட்டு. வெட்டுன எடத்துல கட்டைவிரலால தடவிப் பாத்தாரு, நாரு பிசிறு ஒன்னும் இல்ல. "பிசிறு இருந்தா தண்ணி நிக்கும், தண்ணி நின்னா அழுகும், தேயிலையும் இதான் ரோசும் இதான்"ன்னாரு. காஞ்ச குச்சி, உள்பக்கம் வளந்த குச்சி, ஒன்னோட ஒன்னு உரசுற குச்சி எல்லாம் எடுத்துட்டு நல்ல தண்டு நாலஞ்சு விட்டா போதும். செடிக்கு செடி கத்திய துடைங்க. உங்க தோட்டத்துலயும் இப்படி ஒரு கவ்வாத்துக்காரர் கட்டாயம் இருப்பாரு, அவர கூட்டத்துக்கு கூப்பிட்டு அரை மணி நேரம் குடுங்க, நாற்காலி போட்டு உக்கார வெச்சு கேளுங்க. ஹைட்ரேன்ஜியாவ மட்டும் இந்த மாதிரி ஒட்ட வெட்டாதீங்க, அது பழைய தண்டுலதான் பூக்கும், வாடின தலைய மட்டும் எடுத்தா போதும். டேலியாக் கிழங்க டிசம்பர்ல தோண்டி, தண்டோட ஒட்டுன கண்ணு இருக்கிற மாதிரி பிரிச்சு, ஜனவரி நடுவுல கூரைக்குக் கீழ பேக்ல முளைக்க வெச்சு, பனி போனதும் வெளியில நடலாம்.

மாசியில மன்மதன் ரதி கதைய ஆடுற காமன் கூத்து நடக்கிற தோட்டம்னா அந்த நாட்கள்ல ராத்திரி முழிப்பு, பகல்ல யாரும் வர மாட்டாங்க, அத பாத்து வேலை நாள் போடுங்க. கழகமா ஒரு சுற்றுலா போறதுன்னா எங்க ஓட்டு நுவரெலியா பக்கத்து ஹக்கலை தாவரப் பூங்காவுக்குத்தான். 1861ல மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் நடுறதுக்காக தொடங்கின எடம், நம்ம உயரத்துல எது நல்லா வரும்னு அங்க கண்ணாலயே பாக்கலாம், சீதையம்மன் கோயிலும் பக்கத்துலயே. கொப்பி பென்சில் கொண்டு போங்க, செடியில ஒரு எலைகூட பிச்சுக்காதீங்க.

கூட்டம் கலையுறதுக்கு முன்னாடி விதைப் போத்தல் யார் வீட்டுல இருக்கும்னு முடிவு பண்ணி கொப்பியில எழுதிருங்க. கூரை ஒழுகாத காம்பரா, எலி வராத எடம், வருஷம் பூரா அடுப்பு எரியுற வீடு. எங்க போத்தல் இந்த வருஷம் மேல் லயத்து பெரியம்மா வீட்டுல, மாசம் ஒரு தடவ அந்த அரிசிய திரும்ப வறுத்துப் போடுறது அவங்க பொறுப்பு.