கறந்த சூட்டில் பால்மானியை மிதக்க விடாதீர்கள்

எங்கள் பால் சேகரிப்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் பால்மானியை, அதாவது பாலில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவியை, வைத்துச் சாம்பிள் பார்ப்பதைச் சென்ற வாரம் கவனித்தேன். என் பழைய தவறுகள் ஒன்று விடாமல் அவர்கள் கையில் இருந்தன. குழாயைக் கழுவுவது, கண் மட்டத்தில் பார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். நான் மற்றவற்றைச் சொல்கிறேன்.

வெப்பநிலை பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது

சங்கத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கறந்த சூட்டோடு பால் கொண்டுவந்தார். பால்மானி 25 காட்டியது; எண் குறைந்தால் தண்ணீர் கலந்த சந்தேகம் வரும். "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன். "மடியிலிருந்து நேரே கொண்டுவருகிறேன், தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து, ஆறியிருந்த அதே சாம்பிளில் மீண்டும் பார்த்தேன்: 28. மறுநாளிலிருந்து அவர் வீட்டுப் பால் தனியார் வண்டிக்குப் போனது. இன்றும் அதை நினைத்தால் என் மீது எனக்கே கோபம் வருகிறது.

சூடேறினால் பால் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, பால்மானி கூடுதலாக அமிழ்ந்து குறைந்த எண்ணைக் காட்டுகிறது. இந்தியத் தரநிலைப் பால்மானி 27 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி அளவு குறிக்கப்பட்டது. மடிச்சூடு ஏறக்குறைய 38 டிகிரி. அந்த வித்தியாசமே குறைந்தது இரண்டு புள்ளியைத் தின்றுவிடும். பத்து லிட்டரில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் இறங்கும் அளவு அது! போதாததற்கு, கறந்தவுடன் பாலில் காற்றுக் குமிழ்களும் நிறைந்திருக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, மெதுவாகக் கலக்கி, வெப்பமானியைப் பாலுக்குள்ளேயே வைத்துப் படியுங்கள்.

குளிர்ந்த பாலை நம்புவது

இது எதிர்த்திசைத் தவறு. குளிர்ச்சி அடர்த்தியைக் கூட்டுவதால், கலந்த தண்ணீர் மறைந்துவிடும். வெப்பநிலை வித்தியாசத்துக்கு அட்டவணை சொல்லும் திருத்தத்தைச் சூடான பாலுக்குக் கூட்டுங்கள், குளிர்ந்ததற்குக் கழியுங்கள்.

ஒரு கருவியின் அட்டவணையை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது

சில பால்மானிகள் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அளவு குறிக்கப்பட்டவை; அவற்றின் திருத்த அட்டவணை வேறு. தண்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

நுரையோடு ஊற்றுவது

வேண்டாம்.

பால்மானியை மட்டும் நம்புவது

கொழுப்பு பாலைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் பால்மானி அதே 28-இல் நிற்கும். கொழுப்புச் சோதனையையும் சேர்த்துப் பார்த்த பிறகே வரிசையில் நிற்பவரிடம் பேசுங்கள். அதையும் தனியாக அழைத்துப் பேசுங்கள்.